சார்ஜர் குத்தும் இடத்தால் ஒரு போனுக்குள் நுழைவது எப்படி?

"போனைத் தாங்கோ எண்டு வாங்கினவங்கள். பிறகு, சார்ஜ் குறைவா இருக்கு, போட்டுத் தாறம் எண்டு உள்ளுக்குக் கொண்டு போனவங்கள். ஒண்டரை மணித்தியாலம் இருக்கும் பிள்ளை."

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் இருந்து அந்த அம்மா இதைச் சொன்னார். நினைவேந்தல் நிகழ்வொன்றில் கலந்துகொண்டது பற்றி விசாரிக்க அவரை அழைத்திருந்தார்கள். எந்த அலுவலகம், எந்தத் திகதி என்பதை அவருடைய பாதுகாப்புக்காகத் தவிர்க்கிறேன். 2008இல் அடம்பன் பக்கமிருந்து இடம்பெயர்ந்து, வன்னி முழுக்க நடந்து, 2009 மே மாதம் வட்டுவாகலில் மகனைக் கையளித்துவிட்டு வந்தவர். ஷொப்பிங் பையில் கட்டிக் காவித் திரிந்த அல்பம் மாத்தளனிலேயே தொலைந்துவிட்டது. இன்று மகனின் படம் என்று அவரிடம் இருப்பது ஒன்றே ஒன்று. கனடாவில் இருக்கும் உறவினர் ஒருவர், ஒரு கலியாண வீட்டுப் படத்தில் இருந்து அவனை மட்டும் வெட்டியெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பியது. போராட்டங்களுக்குப் பிடித்துக்கொண்டு போகும் பதாகையும் அந்தப் படத்தில் இருந்து அடித்ததுதான்.

"காலமை நூறு வீதம் ஏத்தித்தான் கொண்டு வந்தனான்" என்றார் பிறகு, தேநீரை ஆற்றியபடி.

போனைத் திறக்கும் பற்றனைக் கேட்டார்களா என்று கேட்டேன். கேட்கவில்லையாம். அது நல்ல விடயம் என்று அவர் நினைத்தார். எனக்கு அந்த இடத்தில்தான் பயம் வந்தது. அவருடைய கவலையெல்லாம் படம் அழிந்திருக்குமா என்பது. என்னுடைய கவலை வேறு. அந்தப் போனில் மற்ற அம்மாக்களின் இலக்கங்கள் இருக்கின்றன, குரல் பதிவுகள் இருக்கின்றன, அவர் என்னோடு பேசியவை இருக்கின்றன.

பூட்டியிருக்கும் ஒரு போனுக்குள், பற்றன் தெரியாமல், ஒரு வயரை மட்டும் குத்தி நுழைய முடியுமா? முடியும். அது எப்படி நடக்கிறது, அந்த ஓட்டைகளை அடைப்பதற்கு யார் என்ன செய்கிறார்கள், அடைத்த பிறகும் அந்த அம்மாவின் போனுக்கு ஏன் அது வந்து சேரவில்லை என்பவற்றை எழுதத்தான் சில மாதங்களாக வாசித்துக்கொண்டிருந்தேன்.

சொல்வதை நம்பும் சென்றி

பாடசாலைப் புத்தகத்தில் 'பணிசெயல் முறைமை' என்று படித்திருப்பீர்கள். விண்டோஸ், அன்ட்ரொயிட், ஐபோனின் ஐ.ஓ.எஸ் எல்லாம் அவைதான். கணினிக்கோ போனுக்கோ வெளியில் இருந்து நாம் குத்தும் பென்ட்ரைவ், விசைப்பலகை, மவுஸ், பிரிண்டர், கமரா, ஹெட்செட் எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வேலை வாங்குவது இந்தப் பணிசெயல் முறைமை. ஒவ்வொரு வகைச் சாதனத்தோடும் பேசுவதற்கு அதனிடம் 'டிரைவர்' எனப்படும் சிறு சிறு நிரல்கள் இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை முறைமையின் மையத்துக்குள்ளேயே, அதாவது 'கேர்னல்' என்ற பகுதிக்குள் இருந்து ஓடுகின்றன. அங்கே ஒரு பிழை நடந்தால் அதற்கு மேல் தடுக்க ஆளில்லை.

யூ.எஸ்.பி 1996இல் வந்தது. அதற்கு முன்னர் பிரிண்டருக்கு ஒரு துளை, விசைப்பலகைக்கு வேறொரு துளை என்று கணினியின் பின்பக்கம் முழுக்க ஓட்டையாக இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே துளை என்பதுதான் யூ.எஸ்.பியின் வசதி, அதன் ஆபத்தும் அதேதான். நீங்கள் ஏதாவது ஒன்றைக் குத்தியதும் பணிசெயல் முறைமை கேட்கும்: நீ யார்? குத்தப்பட்ட சாதனம் பதில் சொல்லும்: நான் இன்ன நிறுவனத்தின் விசைப்பலகை, எனக்கு இத்தனை பொத்தான்கள் இருக்கின்றன. முறைமை அதைச் சரிபார்ப்பதில்லை. சொன்னதை அப்படியே நம்பி, அதற்குரிய டிரைவரை எழுப்பி விடுகிறது.

தள்ளாடியைக் கடந்து தீவுக்குள் வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். பஸ்ஸால் இறங்கி, அடையாள அட்டையும் பாஸும் காட்டி, பையைக் கொட்டிக் காட்டித்தான் நாங்கள் ஏறியிருக்கிறோம். ஒரு சென்றியில் நிற்பவர் அட்டையே கேட்காமல் "நீ ஆர்?" என்று மட்டும் கேட்டு, "நான் பாதிரியார்" என்று எவர் சொன்னாலும் கும்பிட்டு உள்ளே விட்டால் எப்படி இருக்கும்? யூ.எஸ்.பி துளையில் நிற்கும் சென்றி அப்படிப்பட்டவர்.

2014 ஓகஸ்டில் ஜேர்மனியைச் சேர்ந்த கார்ஸ்டன் நோல், யாக்கொப் லெல் என்ற இருவர் இதை அமெரிக்காவில் நடந்த பிளாக் ஹட் மாநாட்டில் செய்து காட்டினார்கள். ஒரு சாதாரண பென்ட்ரைவின் உள்ளே இருக்கும் சிறு சிப்பின் நிரலை மாற்றி எழுதினால், அது தன்னை விசைப்பலகை என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, நீங்கள் தட்டச்சு செய்வதுபோலவே கட்டளைகளை அடிக்கும். இதற்கு 'பாட் யூ.எஸ்.பி' என்று பெயர் வைத்தார்கள். வைரஸ் தேடும் மென்பொருளால் இதைப் பிடிக்க முடியாது. ஏனென்றால் அந்தப் பென்ட்ரைவில் இருக்கும் கோப்புகளில் வைரஸே இல்லை.

ஆனால் பூட்டியிருக்கும் போனில் விசைப்பலகையாக நடிப்பது அவ்வளவு உதவாது. பற்றன் தெரியாமல் எதைத் தட்டச்சு செய்வது? அங்கே வேறொரு வழி வேண்டும். அதற்கு முன், பென்ட்ரைவ் பற்றி எனக்கே நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வாசகர்களில் பாதிப் பேருக்கு இதுவும் நடந்திருக்கும்.

நான் இழந்த படங்கள்

2018இல் மன்னார் நகர நுழைவாயிலில் சதொச கட்டடம் கட்டுவதற்காகத் தோண்டிய இடத்தில் மனித எலும்புகள் வரத் தொடங்கின. 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்ட அந்தப் புதைகுழிக்கு நான் பல தடவை போனேன். வேலிக்கு வெளியே நின்ற தாய்மாரோடு பேசினேன், படங்கள் எடுத்தேன். கமராக் கார்ட் நிறைந்ததும் எல்லாவற்றையும் ஒரு பென்ட்ரைவுக்கு மாற்றிவிட்டுக் கார்டை அழித்தேன். ஒரே ஒரு பிரதி. இப்போது எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. ஊடகக் கற்கையில் பட்டம் எடுத்த எனக்கு இரண்டு பிரதி வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

சில படங்களைப் பிரிண்ட் எடுக்க ஒரு கொமியூனிகேஷனில் பென்ட்ரைவைக் குத்தினேன். கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழி அடையாளங்களாக மாறிவிட்டன. "வைரஸ் அக்கா, போர்மட் அடிச்சுத் தாறன்" என்றான் அங்கு நின்ற தம்பி. அடித்தும் தந்தான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த வகை வைரஸ் பெரும்பாலும் கோப்புகளை அழிப்பதில்லை என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அவற்றை மறைத்து வைத்துவிட்டு, அதே பெயரில் போலிக் குறுக்குவழிகளை உருவாக்கும். நீங்கள் அதைச் சொடுக்கினால் கோப்பும் திறக்கும், வைரஸும் ஓடும். விண்டோஸின் கோப்புறை அமைப்பில், மறைந்த கோப்புகளைக் காட்டும்படியும், பாதுகாக்கப்பட்ட முறைமைக் கோப்புகளை மறைக்காமல் விடும்படியும் மாற்றியிருந்தால், என் படங்கள் அத்தனையும் அங்கேயே இருந்திருக்கும். அவற்றை அழித்தது போர்மட்தான். உங்களுக்கு இப்படி நடந்தால் போர்மட் பண்ண விடாதீர்கள்.

இந்தத் தொற்றுகளின் தாய்வழி பழையது. முன்பு பென்ட்ரைவைக் குத்தினாலே அதில் இருக்கும் நிரலைத் தானாக ஓட்டும் 'ஓட்டோரன்' வசதி விண்டோஸில் இருந்தது. 2008இல் கிளம்பிய கொன்ஃபிக்கர் புழு பரவிய வழிகளில் அதுவும் ஒன்று. 2011 பெப்ரவரியில்தான் மைக்ரோசொப்ட் பழைய விண்டோஸ்களுக்கும் அதை நிறுத்தும் இற்றைப்படுத்தலை அனுப்பியது. ஈரானின் நத்தான்ஸ் அணு நிலையத்தைத் தாக்கிய ஸ்டக்ஸ்நெட் இன்னும் ஒரு படி மேலே போனது. சொடுக்கவே தேவையில்லை. பென்ட்ரைவில் இருக்கும் குறுக்குவழியின் படத்தை விண்டோஸ் திரையில் காட்ட முயன்றாலே போதும், நிரல் ஓடிவிடும். 2010 ஓகஸ்டில் அந்த ஓட்டையை அடைத்ததாக மைக்ரோசொப்ட் சொன்னது. அந்த அடைப்பு முழுமையானதல்ல என்பது 2015 மார்ச்சில் தெரியவந்து, திரும்பவும் அடைத்தார்கள். அடைத்துவிட்டோம் என்று ஒருவர் அறிவிப்பதும் உண்மையில் அடைபடுவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

கமராவாக நடித்த கருவி

இனி, பூட்டிய போன். இதற்கு உலகில் இதுவரை மிக விரிவாகப் பதிவான சம்பவம் சேர்பியாவில் நடந்தது. 2024 நவம்பர் 1ஆம் திகதி நோவி சாட் நகர ரயில் நிலையத்தின் முகப்புக் கூரை இடிந்து மக்கள் இறந்தார்கள். ஊழல்தான் காரணம் என்று மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். டிசம்பர் 25ஆம் திகதி, பெல்கிரேடில் ஒரு மாணவச் செயற்பாட்டாளரைச் சிவில் உடையில் வந்தவர்கள் பிடித்துப் போனார்கள். அவருடைய போன் ஒரு சாம்சுங் கலக்ஸி ஏ32. அதைப் பின்னர் ஆராய்ந்த சர்வதேச மன்னிப்புச் சபையின் பாதுகாப்பு ஆய்வுகூடம், 2025 பெப்ரவரி 28இல் அறிக்கை வெளியிட்டது. போனின் பூட்டு, இஸ்ரேலிய நிறுவனமான செலிபிரைட்டின் கருவியைக் கொண்டு திறக்கப்பட்டிருந்தது.

போனுக்குள் மிஞ்சியிருந்த பதிவேடுகள் ஒரு நாடகம்போல இருக்கின்றன. அந்தத் துளைக்குள் முதலில் ஒரு வெப்கமரா குத்தப்பட்டதாகப் பதிவு. பிறகு 'எக்ஸ்டிஜி' என்ற பழைய வெளிப்புற ஒலி அட்டை. பிறகு ஒரு தொடுபலகை. பொலிஸ் நிலையத்தில் யாரும் போனுக்குக் கமரா பூட்டிப் பாட்டுக் கேட்கவில்லை. ஒரே கருவி மாறி மாறி மூன்று வேடம் போட்டிருக்கிறது. ஒவ்வொரு வேடத்துக்கும் போன் ஒவ்வொரு டிரைவரை எழுப்பியது. அந்த டிரைவர்கள் ஒவ்வொன்றிலும் ஓர் ஓட்டை இருந்தது.

அன்ட்ரொயிட்டின் அடியில் இருப்பது லினக்ஸ் கேர்னல். எனவே இவை லினக்ஸின் ஓட்டைகள். கமரா ஓட்டையின் இலக்கம் சி.வி.ஈ-2024-53104. உலகில் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளுக்கு இப்படி இலக்கம் கொடுப்பது வழக்கம். ஒரு கமரா தன்னிடம் என்னென்ன அளவுகளில் படம் தரமுடியும் என்று ஒரு பட்டியலைக் கொடுக்கும். டிரைவர் முதலில் அந்தப் பட்டியலை எண்ணி, அதற்கேற்ப நினைவகத்தில் இடம் ஒதுக்கும். பிறகு ஒவ்வொன்றாக எழுதும். எண்ணும்போது 'வகை குறிப்பிடாதது' என்று இருப்பவற்றை அது எண்ணவில்லை. எழுதும்போது அவற்றையும் எழுதியது. மடுத் திருவிழாவில் பிள்ளைகளை எண்ணாமல் பாய் விரித்துவிட்டு, பந்தியில் இருத்தும்போது பிள்ளைகளையும் சேர்த்து இருத்தினால், கடைசியில் இருப்பவர் பக்கத்து வீட்டாரின் பாயில்தானே போய் இருப்பார்? நினைவகத்தில் அப்படிப் பக்கத்து இடத்தில் போய் எழுதும்போது, எழுதப்படுவது தாக்குபவர் விரும்பியதாக இருக்கலாம். இந்தப் பிழை 2008இல் கமரா டிரைவர் லினக்ஸுக்குள் சேர்க்கப்பட்ட நாளில் இருந்தே இருந்தது. பதினாறு வருடம். திருத்தமோ மிகச் சிறியது: வகை குறிப்பிடாதவற்றை வாசிக்காமல் தாண்டிப் போ.

ஒலி அட்டை ஓட்டை (சி.வி.ஈ-2024-53197) வேறு மாதிரி. சாதனம் முதலில் தன்னிடம் இத்தனை அமைப்புகள் உண்டு என்று ஓர் எண்ணைச் சொல்லும், அதற்கு இடம் ஒதுக்கப்படும். எக்ஸ்டிஜி போன்ற சில அட்டைகளை டிரைவர் ஒருதடவை மீள இயக்கி விவரத்தைத் திரும்ப வாசிக்கும். இரண்டாம் தடவை சாதனம் பெரிய எண்ணைச் சொன்னால்? டிரைவர் அதையும் நம்பியது. மூன்றாவது ஓட்டை (சி.வி.ஈ-2024-50302) அழிக்காத கரும்பலகை. விசைப்பலகை, தொடுபலகை போன்றவற்றுக்கு ஒதுக்கும் இடத்தைத் துடைக்காமல் கொடுத்ததால், கேர்னலின் நினைவகத்தில் முன்பு இருந்தவற்றை வெளியில் இருந்து வாசிக்கக் கூடியதாக இருந்தது. இருபது வருடத்துக்கு முந்திய, எங்கள் ஊரில் எவரும் கண்ணாலும் காணாத ஒலி அட்டைக்கான டிரைவர் எங்கள் கைப் போனுக்குள் ஏன் இருக்க வேண்டும் என்று எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

சேர்பியாவில் இது முதல் சம்பவமும் அல்ல. 2024 பெப்ரவரியில் ஸ்லாவிஷா மிலனோவ் என்ற சுயாதீன ஊடகவியலாளரை வாகனச் சோதனை என்று மறித்து நிலையத்துக்குக் கொண்டு போனார்கள். போனை நிறுத்தித்தான் ஒப்படைத்தார். கடவுச்சொல்லை யாரும் கேட்கவுமில்லை, அவர் கொடுக்கவுமில்லை. திரும்பக் கிடைத்த பிறகு போனின் அமைப்புகள் மாறியிருந்ததைக் கவனித்து ஆய்வுக்குக் கொடுத்தார். செலிபிரைட்டால் திறந்து, 'நொவிஸ்பை' என்ற உளவுச் செயலியை உள்ளே வைத்திருந்தார்கள். இவை வெளியான பின்னர், 2025 பெப்ரவரியில் செலிபிரைட் நிறுவனம் சேர்பியாவின் சில வாடிக்கையாளர்களுக்குத் தன் பொருட்களை நிறுத்துவதாக அறிவித்தது.

சேர்பியாவில் நடந்ததற்கும் மன்னாருக்கும் என்ன என்று சிலர் கேட்கலாம். சிலாவத்துறைப் பகுதியைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம், 'நவரசம்' என்ற கவிதைத் தொகுப்பைக் காரணம் காட்டி 2020 மே 16இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். 2021 டிசம்பரில்தான் பிணை. 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அச்சில் வந்த கவிதையையே அப்படி வாசித்த நாட்டில், ஒரு தாயின் வட்ஸ்அப் குரல் பதிவு எப்படி வாசிக்கப்படும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

ஓட்டை தேடும் வேலை

இவ்வளவு ஓட்டைகளைக் கண்டுபிடிப்பது யார்? பெரும் பகுதியைக் கணினியே கண்டுபிடிக்கிறது. 'பஸ்ஸிங்' என்ற முறை அது. ஒரு நிரலுக்கு அர்த்தமில்லாத, கோணலான, அளவுக்கு மிஞ்சிய பதில்களை இலட்சக்கணக்கில் கொடுத்துக்கொண்டே இருந்து, எதில் அது தடுக்கி விழுகிறது என்று பார்ப்பது. ஆரம்பத்தில் யூ.எஸ்.பிக்கு இதைச் செய்வது கஷ்டமாக இருந்தது. பொய் சாதனமாக நடிக்கக்கூடிய ஒரு சிறு மின்பலகையைக் கையால் குத்தித்தான் பார்க்கவேண்டும்.

கூகுளில் இருந்த அந்திரேய் கொனவாலொவ், வயரே இல்லாமல், மென்பொருளுக்குள்ளேயே பொய்ச் சாதனத்தைக் குத்திக் கழற்றும் வழியை 'சிஸ்காலர்' என்ற பஸ்ஸிங் கருவியோடு இணைத்தார். 2017 நவம்பரில் லினக்ஸின் யூ.எஸ்.பி டிரைவர்களில் 14 ஓட்டைகளை ஒரே தடவையில் வெளியிட்டார். அது பானையில் ஒரு சோறு. பின்னர் இதே கருவி நூற்றுக்கணக்கான பிழைகளைத் தந்தது. 2020இல் ஹூய் பெங், மத்தியாஸ் பாயர் என்ற இரு ஆய்வாளர்கள் 'யூ.எஸ்.பி பஸ்' என்ற தங்கள் கருவியால் 26 புதிய பிழைகளைப் பிடித்தார்கள். அதில் 18 லினக்ஸில், மிச்சம் விண்டோஸ், மக், பிரீ பி.எஸ்.டி ஆகியவற்றில். லினக்ஸில் கூடுதலாகக் கிடைத்ததற்கு அது மோசமானது என்று அர்த்தமில்லை. அதன் நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பதால் கிளறிப் பார்ப்பதும் சுலபம். இத்தனைக்குப் பிறகும் பதினாறு வருடக் கமரா ஓட்டை தப்பி நின்றது என்பதையும் மறக்கக் கூடாது. அதைக் காட்டிக் கொடுத்தது, 2024இன் நடுப்பகுதியில் வேறொரு சம்பவத்தில் தாக்கப்பட்ட போன் ஒன்றில் மன்னிப்புச் சபை கண்டெடுத்துக் கூகுளுக்குக் கொடுத்த தடயம். அதாவது யாரோ ஒருவர் தன் போனை ஆய்வுக்குக் கொடுத்ததால்தான் அந்த ஓட்டை அடைபட்டது.

ஒவ்வொரு ஓட்டையாக அடைப்பது முடியாத வேலை என்று பார்த்தவர்கள் இன்னொரு வழியும் எடுத்தார்கள். சென்றியைத் திருத்துவதை விட, இரவில் கதவையே பூட்டுவது. 2018 ஜூலையில் ஐ.ஓ.எஸ் 11.4.1உடன் அப்பிள் இதைக் கொண்டுவந்தது. ஐபோன் பூட்டப்பட்டு ஒரு மணித்தியாலம் கடந்தால், அந்தத் துளை சார்ஜ் மட்டுமே எடுக்கும், சாதனங்களோடு பேசாது. ஆனால் அந்தப் பூட்டைக் கழற்றவும் ஓர் ஓட்டை இருந்தது. சிட்டிசன் லாப் ஆய்வாளர் பில் மார்சாக் அதைக் கண்டறிந்து அறிவித்தார். 2025 பெப்ரவரி 10இல் ஐ.ஓ.எஸ் 18.3.1 அதை அடைத்தது. அன்ட்ரொயிட் பக்கம் இது பிந்தித்தான் வந்தது. அன்ட்ரொயிட் 16இன் 'உயர் பாதுகாப்பு' ஏற்பாட்டில், போன் பூட்டியிருக்கும்போது புதிய யூ.எஸ்.பி இணைப்புகளைத் தடுப்பதும் ஒன்று. புதிய போன்கள் வைத்திருப்பவர்களுக்கான செய்தி அது.

மன்னாருக்கு வந்து சேராத திருத்தம்

எனக்கு எல்லாவற்றையும் விட உறைத்தது திகதிகள்தான். கமரா ஓட்டைக்கான திருத்தம் 2024 நவம்பரில் லினக்ஸ் கேர்னலுக்குள் போய்விட்டது. டிசம்பர் 2இல் அதற்கு இலக்கமும் வெளியானது. அந்த மாணவரின் போன் திறக்கப்பட்டது டிசம்பர் 25இல். கூகுளின் அன்ட்ரொயிட் இற்றைப்படுத்தலில் கமரா திருத்தம் வந்தது 2025 பெப்ரவரியில். தொடுபலகைத் திருத்தம் மார்ச்சில். ஒலி அட்டைத் திருத்தம் ஏப்ரலில். மருந்து கண்டுபிடிக்கப்பட்டு, பெட்டியில் அடைக்கப்பட்டு, வழியில் வந்துகொண்டிருந்தபோதே நோயாளிக்கு நடக்க வேண்டியது நடந்துவிட்டது.

அங்கிருந்தும் அது நேரே உங்கள் போனுக்கு வருவதில்லை. கூகுள் வெளியிட்டதைப் போன் தயாரிப்பாளர் எடுத்து, தன் ஒவ்வொரு மொடலுக்கும் ஏற்ப மாற்றி, சோதித்து அனுப்பவேண்டும். விலை குறைந்த மொடல்களுக்கு இரண்டு, மூன்று வருடத்தோடு அனுப்புவதையே நிறுத்திவிடுவார்கள். எங்களூரில் போன் எப்படிக் கைமாறுகிறது என்று தெரியும்தானே. வெளிநாட்டில் இருந்து வந்த அண்ணன் பாவித்தது தம்பிக்கு, தம்பி பாவித்தது அம்மாவுக்கு. அம்மாவிடம் வரும்போது அந்தப் போனுக்கு நிறுவனம் கைகழுவிப் பல காலம் ஆகியிருக்கும். டேட்டா முடிந்துவிடும் என்று இற்றைப்படுத்தலை நிறுத்தி வைத்திருப்பவர்களும் நிறையப் பேர்.

கணினிகளும் அப்படித்தான். விண்டோஸ் 7க்கான இலவசத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14உடன் பொதுவான ஆதரவு முடிந்தது. பேசாலையில் இருந்து தலைமன்னார் வரை பிறப்புச் சான்றிதழ் பிரதி எடுக்கப் போகும் கடைகளில், அடுத்த தடவை திரையின் கீழ்ப் பகுதியைக் கொஞ்சம் பாருங்கள்.

கையில் இருக்கும் போனோடு என்ன செய்யலாம்

முதலில் செய்ய வேண்டியது, பாதுகாப்புத் திருத்தத் திகதியைப் பார்ப்பது. அன்ட்ரொயிட் போனில் அமைப்புகளுக்குள், போனைப் பற்றிச் சொல்லும் பகுதியில் அது இருக்கும். 2025 மே மாதமோ அதற்குப் பிந்தியதோ என்றால், மேலே சொன்ன மூன்று ஓட்டைகளும் அடைபட்டுவிட்டன. அதற்கு முந்தியது என்றால் இற்றைப்படுத்தல் இருக்கிறதா என்று தேடுங்கள். வை-ஃபை உள்ள ஓர் இடத்தில் அரை மணித்தியாலம் இருந்தால் போதும்.

விசாரணைக்கோ, போன் கைமாறக்கூடிய வேறு எந்த இடத்துக்கோ போவதற்கு முன் போனை முழுவதுமாக நிறுத்திவிடுங்கள். திரையை அணைப்பது வேறு, இது வேறு. நீங்கள் போனைப் போட்டு ஒருதடவையேனும் பற்றன் அடித்துத் திறந்துவிட்டால், உள்ளே இருப்பவற்றைக் குலைக்கும் சாவிகள் போனின் நினைவகத்திலேயே கிடக்கும், பிறகு பூட்டினாலும். நிறுத்திவிட்டால் அந்தச் சாவிகள் போய்விடும், திறப்பது மிகவும் கஷ்டமாகிவிடும். முடியாது என்று சொல்லமாட்டேன். மிலனோவின் போனும் நிறுத்தித்தான் இருந்தது. நிறுத்திய போனைக் காப்பாற்றுவது கடவுச்சொல்லின் நீளம். பற்றனையும் நான்கு இலக்கத்தையும் விட்டுவிட்டு, எட்டோ பத்தோ இலக்கங்கள் கொண்ட, பிறந்த திகதியல்லாத ஓர் எண்ணை வையுங்கள். இதன் பெறுமதியை நிறுவனங்களே ஒத்துக்கொண்டுவிட்டன. மூன்று நாட்கள் திறக்காமல் கிடந்தால் தானாகவே நிறுத்தி மீள இயங்கும் ஏற்பாட்டை அப்பிள் ஐ.ஓ.எஸ் 18இலும், கூகுள் 2025 ஏப்ரலிலும் சேர்த்தன.

தெரியாத இடத்தில் சார்ஜ் போடவேண்டி வந்தால் உங்கள் சார்ஜரை நேரே சுவர் பிளக்கில் போடுங்கள். கணினியிலோ, பஸ்ஸில் இருக்கும் துளையிலோ குத்த வேண்டாம். 2025இல் ஒஸ்ரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர், சார்ஜர்போல இருக்கும் கருவியே போனில் வரும் 'அனுமதிக்கவா?' என்ற கேள்விக்கு உங்களுக்குப் பதிலாக 'ஆம்' என்று அழுத்திவிடக் கூடும் என்று காட்டினார்கள். அது பூட்டுத் திறந்திருக்கும் போனுக்குத்தான் பெரும்பாலும் பொருந்தும். ஆனாலும் சார்ஜ் ஏறும்போது போனைப் பூட்டி வைப்பதில் நட்டமில்லையே.

பென்ட்ரைவைப் பொறுத்தவரை நான் இப்போது ஒரே ஒரு பழக்கத்தைக் கடைப்பிடிக்கிறேன். கடைக்குக் கொண்டுபோகும் பென்ட்ரைவில் அன்று பிரிண்ட் எடுக்கவேண்டியது மட்டும் இருக்கும். மூலப் பிரதி வீட்டை விட்டு வெளிக்கிடாது.

போனைத் திருத்தும் ஒரு தம்பியிடம் அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். இதே கேள்விகளோடு தன்னிடம் வேறு சிலரும் வந்ததாகச் சொன்னான். அம்மாவின் போனில் பாதுகாப்புத் திகதி 2021 என்று இருந்தது. இற்றைப்படுத்தலைத் தேடச் சொன்னோம். உங்கள் மென்பொருள் புதியதாகவே இருக்கிறது என்று போன் பதில் சொன்னது. தம்பி சிரித்துவிட்டான். உள்ளே ஏதும் வைத்துவிட்டார்களா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஆய்வுகூடத்துக்குத்தான் கொடுக்கவேண்டும் என்று விளக்கினான்.

வேறு போன் வாங்கும் வசதி அவரிடம் இல்லை. மகனின் படத்தை ஒரு மெமரி கார்டில் ஒன்றும், பென்ட்ரைவில் ஒன்றுமாகப் போட்டோம். அடுத்த தடவை கூப்பிட்டால் போனை வீட்டில் விட்டுவிட்டு, பொத்தான் போன் ஒன்றில் சிம்மைப் போட்டுக்கொண்டு போகலாம் என்று முடிவெடுத்தார். மற்ற அம்மாக்களின் இலக்கங்களை ஒரு கொப்பியில் எழுதி எடுக்கச் சொன்னார். நான் எழுதி முடித்து, அவற்றைப் போனில் இருந்து அழித்துக் கொடுத்தேன். அவர் கொப்பியை வாங்கி ஒரு ஷொப்பிங் பையில் சுற்றினார்.

"இதையும் கேட்டா என்ன செய்யிறது?" என்றார்.